சுவிட்ச் 2: மட்டக்களப்புக் கல்லடிக்கு வந்த நிண்டெண்டோ

கட்டாரில் வேலை செய்யும் தம்பி லீவில் வரும்போது நிண்டெண்டோ கம்பனியின் சுவிட்ச் 2 என்ற கேம் மெஷினைக் கொண்டுவந்தான், கையிலும் ஆடலாம், டீவியிலும் ஆடலாம். அமெரிக்காவில் 2025 ஜூனில் 449.99 டொலருக்கு வந்த சாமான். நம்முடைய ரூபாய்க்கு மாற்றிப் பார்க்காமல் இருப்பது நெஞ்சுக்கு நல்லது.

7.9 அங்குலத் திரை, கைக்கு அடக்கமாகவே இருக்கிறது. முந்தைய சுவிட்சின் ஓலெட் திரை மாடலில் இருந்த கருங்கறுப்பு இந்த எல்சிடி திரையில் இல்லை. பற்றரி 2 முதல் 6.5 மணித்தியாலம் என்று கம்பனியே சொல்கிறது, கரண்ட் போகும் நாட்களில் அதை நினைத்துக்கொள்ள வேண்டும். பழைய சுவிட்ச் கேம்கள் பெரும்பாலும் இதிலும் ஓடும். மரியோ கார்ட் என்ற கார் ஓட்டப் பந்தய கேமில் மருமகன் என்னைத் தோற்கடித்துவிட்டு, "மாமா, நீங்க வாவிக்குள்ளதான் போறீங்க" என்கிறான். சரி, இருக்கட்டும்.

எனக்குப் பிடிக்காதது கேம் கீ கார்ட். காசு கொடுத்து வாங்கும் கார்டுக்குள் கேம் இருக்காது, திறப்பு மட்டும்தான். மிச்சத்தை இணையத்தில் இறக்க வேண்டும். ரவுட்டருக்கு டேட்டா பெக்கேஜ் போட்டு வாழும் வீட்டில் அது இரண்டாவது விலை.

1889இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய கம்பனி இது. சுவிட்சுக்கு முன் விட்ட வீ யூ என்ற மெஷின் விற்பனையில் 1.4 கோடியைக்கூட எட்டாமல் படுத்தது, அடுத்து வந்த சுவிட்ச் 15 கோடியைத் தாண்டியது. ஆகவே விழுந்தாலும் எழும்பத் தெரிந்தவர்கள். ஆனால் எங்கள் ஒழுங்கைப் பொடியன்கள் போனில் ஃப்ரீ ஃபயர் சும்மா ஆடுகிறார்கள். மரியோ கார்ட் வேர்ல்ட் மட்டும் 79.99 டொலர் என்றால் அவர்களை யார் கூப்பிடுவது?

பழைய சுவிட்ச் வைத்திருப்பவர்கள் இப்போதைக்கு அவசரப்பட வேண்டாம்.