27,000 கிலோமீட்டருக்குப் பிறகு பேட்டரிச் செய்தி படிப்பது

என் மச்சானுக்கு ஒரு வழக்கம். காலையில் எல்லாரும் பூ படம் போட்டு வணக்கம் அனுப்புவார்கள், அவர் பேட்டரிச் செய்தி அனுப்புவார். 'ஐந்தே நிமிடத்தில் முழு சார்ஜ்', 'லித்தியத்துக்கு இனி வேலையில்லை'. கீழே தவறாமல் ஒரு வரி: "மாப்ள, இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்திருக்கலாம்ல?"

நான் பொறுக்கவில்லை. 2023 ஜூன் 1 முதல் மின்சார ஸ்கூட்டருக்கான மத்திய அரசு மானியம் பேட்டரியின் ஒரு கிலோவாட் அவருக்கு (அதாவது ஒரு யூனிட் கொள்ளளவுக்கு) 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகக் குறைகிறது என்று படித்ததும், மே கடைசி வாரத்தில் ஓடிப்போய் வாங்கிவிட்டேன். அவர் பொறுத்துக்கொண்டே இருக்கிறார், பெட்ரோல் வண்டியில்.

வாங்கும் முன் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வண்டி தீப்பற்றி, புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்த செய்தியை மனைவி மறக்கவேயில்லை. "கீழ பார்க்கிங்லதான் சார்ஜ் போடணும், ராத்திரி பூரா போடக் கூடாது" என்ற நிபந்தனையோடுதான் சம்மதம் கிடைத்தது. அந்த வருடத் தீ விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிக்கான ஏஐஎஸ் 156 என்ற பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள். இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31-இல்தான் அமலுக்கு வந்தது. அதற்கப்புறம் தயாரான வண்டிதானா என்று நான் கேட்டதும் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கேட்டதில் தப்பில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

சேலையூரிலிருந்து கிண்டி தொழிற்பேட்டை, போக வர 34 கிலோமீட்டர். விளம்பரத்தில் 105 கிலோமீட்டர் என்றார்கள். புதிதில் எனக்குக் கிடைத்தது 82. இப்போது 72. பெட்ரோலுக்கு மாதம் 2,000 ரூபாய் போனது, கரண்டுக்கு 250 ஆகிறது. ஒரு சிக்கல் மட்டும் சொல்லிவிடுகிறேன். பார்க்கிங் பிளக்கை எங்கள் வீட்டு மீட்டரிலிருந்து இழுத்திருக்கிறோம். கோடையில் ஏசியும் சேர்ந்து இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். அப்போது வண்டியின் மீது பழி விழும்.

72 ஆனதுதான் எனக்கு சுவாரசியமான விஷயம். 27,000 கிலோமீட்டர் என்பது தோராயமாக 360 முழு சார்ஜ். அவ்வளவுக்கு எட்டில் ஒரு பங்கு போயிருக்கிறது. ஓட்டியதால் போனது பாதி, வெயிலில் நின்றதால் போனது மீதி என்று என் கணிப்பு. லித்தியம் அயான் பேட்டரிக்கு முழு சார்ஜும் சூடும் ஒன்றாகச் சேர்ந்தால் ஆகாது. சும்மா நின்றாலே உள்ளே தேய்மானம் நடக்கும். முதல் இரண்டு கோடையும் காலையில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு போய் அலுவலகத் தகரக் கொட்டகையில் நிறுத்தினேன். மதியம் சீட்டில் கை வைக்க முடியாது. இப்போது 80-இல் நிறுத்திக்கொள்கிறேன், வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது. காக்கை எச்சத்துக்கு ஒரு துணி எப்போதும் டிக்கியில் இருக்கும்.

ஆனால் 80-லேயே நிறுத்தினால் வேறொரு வம்பு. ஒரு ராத்திரி பல்லாவரம் மேம்பாலம் ஏறும்போது திரையில் 18 சதவீதம். பாதி ஏற்றத்தில் 4. உச்சியில் ஆமை வேகம். இறங்குமுகம் என்பதால் தப்பித்து, குரோம்பேட்டை வரை ஓரமாகவே உருட்டி வந்தேன். சர்வீஸ் சென்டரில் தம்பி மடிக்கணினியைச் செருகிப் பார்த்துவிட்டு, "அப்டேட் போட்டிருக்கேன் சார், ஓட்டிப் பாருங்க" என்றார். பத்தே நாளில் மறுபடி அதே கதை. மூன்றாவது முறை பேட்டரியைத் திறந்து பார்த்தபோதுதான் ஒரு வரிசை செல்கள் மட்டும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் காலியாவது தெரிந்தது. எல்லாம் ஒரே தொடரில் இருக்கிறது, இளைத்த செல் கைவிட்டால் மொத்த வண்டியும் நிற்கும். அந்த வரிசையை மட்டும் வாரன்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் 19 நாள் நான் மின்சார ரயிலில் போனேன். முழுதாக 100 ஏற்றினால்தான் பல பேட்டரிகளில் செல்கள் சமனாகும், அதனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை 100 வரை போடச் சொன்னார் அதே தம்பி. அதை வாங்கிய அன்றே சொல்லியிருக்கலாம்.

இதைவிடக் கொடுமை அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரியில் 90 சதவீதம் இருக்கிறது, வண்டி உயிரோடு வரமாட்டேன் என்கிறது. விளக்கு, திரை, பூட்டு எல்லாவற்றையும் எழுப்புவது இந்தச் சின்னதுதான், அது செத்திருந்தது. எந்த நாளிதழும் இதைப் பற்றி எழுதப்போவதில்லை.

சரி, செய்திகளுக்கு வருகிறேன். முன்பெல்லாம் 'ஐந்து நிமிட சார்ஜ்' என்றால் நானும் குதிப்பேன். இப்போது கை தானாகக் கணக்குப் போடுகிறது. என் வண்டிக்கு 3 யூனிட் மின்சாரம் வேண்டும். அதை ஐந்து நிமிடத்தில் ஏற்ற 36 கிலோவாட் வேண்டும். எங்கள் பார்க்கிங்கில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக் தருவது மூன்றரைக்கும் கீழே. பேட்டரி தயாராக இருந்தாலும் அசோசியேஷன் செயலாளர் தயாராக இல்லை. 15 ஆம்பியர் பிளக்குக்கே அவரிடம் நான்கு மாதம் நடந்தேன்.

அப்புறம், 'ஆய்வகத்தில் சாதனை' என்று வந்தால் முதலில் செல்லின் அளவைத் தேடுவேன். நிறைய ஆய்வுகள் கைக்கடிகாரத்தில் போடும் வட்ட செல் அளவில்தான் நடக்கின்றன. விட்டம் 20 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணய அளவு. அதில் வேலை செய்வது கிலோ கணக்கில் அடுக்கும்போதும் செய்யும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. '99 சதவீதத் திறன்' என்பதைப் பார்த்தாலும் மயங்குவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சதவீதம் லித்தியம் வீணானால், நூறு சுற்றில் மிஞ்சுவது 37 சதவீதம். 99.9 என்றால் 90 மிஞ்சும். அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஒன்பதில்தான் ஆராய்ச்சிக்காரர்களின் பாதி ஆயுள் போகிறது.

இதற்காக எல்லாச் செய்தியும் கதை என்று சொல்லவில்லை. லித்தியம் அயான் பேட்டரிக்கு அடித்தளமான லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடு மின்முனையை விஞ்ஞானி ஜான் குட்எனஃப் குழு ஆக்ஸ்ஃபோர்டில் கண்டது 1980-இல், அந்தப் பேட்டரியைச் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991-இல். பதினோரு வருடம். நோபல் பரிசு வர 2019 ஆனது, அப்போது குட்எனஃபுக்கு வயது 97. மறுபக்கம் டொயோட்டா. திட நிலை பேட்டரி (உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள் இருப்பது) 2020-களின் தொடக்கத்தில் வரும் என்று 2017-இல் சொன்னார்கள்; 2023 ஜூனில் கேட்டால் 2027, 28 என்றார்கள், கூடவே 1,200 கிலோமீட்டர், பத்து நிமிட சார்ஜ். மச்சான் அதை எனக்கு மூன்று முறை அனுப்பினார்.

எனக்கு உண்மையிலேயே பிடித்த செய்தி, லித்தியத்துக்குப் பதில் சோடியம் போட்ட பேட்டரிதான். சீனாவின் பேட்டரி நிறுவனம் சிஏடிஎல் 2021-இல் காட்டிய முதல் தலைமுறை செல் கிலோவுக்கு 160 வாட் அவர், அவ்வளவு பெரிய எண் இல்லை. ஆனால் சோடியம் எங்கும் கிடைக்கும், விலை இறங்க வழி இருக்கிறது. கோபால்ட் இல்லாத எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி வண்டியும் நம் வெயிலுக்கு நல்ல தேர்வு, சூட்டைப் பொறுக்கும், ஆயுளும் அதிகம். ஒரே குறை, அதன் மின்னழுத்தம் நடுவில் கோடு போட்டதுபோல் மாறாமல் நிற்பதால் மீதி எவ்வளவு என்று திரை காட்டும் சதவீதம் கொஞ்சம் குத்துமதிப்பு. பல்லாவரம் மேம்பாலம் எனக்கு நினைவு வரும்.

போன ஞாயிறு மச்சான் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் வண்டி கார்புரேட்டர் வேலைக்குப் போயிருந்தது. "தாம்பரம் மார்க்கெட் வரை போய்ட்டு வரேன் மாப்ள" என்று என் சாவியை எடுத்துக்கொண்டு போனவர் இரண்டரை மணி நேரம் கழித்து முருங்கைக்காயும் சிரிப்புமாக வந்தார். வண்டலூர் வரை போய்விட்டாராம். "சத்தமே இல்ல, என்னமா போகுது!" கீழே போய்ப் பார்த்தேன். 9 சதவீதம். சார்ஜ் போடாமல் விட்டிருந்தார்.