ருஸ்கியேயா, கோஸும் காளானுமா, பருப்பா? வார்சாவில் மூன்று தட்டு பியெரோகி

போலந்துக்குக் கிளம்பும் சைவக்காரர்களிடம் எல்லோரும் சொல்வது, "கவலைப்படாதீங்க, அங்கே பியெரோகி இருக்கு" என்பதுதான். இருக்கிறது, உண்மைதான். கோதுமை மாவைத் தேய்த்து வட்டமாக வெட்டி, நடுவில் பூரணம் வைத்து, அரைவட்டமாக மடித்து ஓரத்தை அழுத்தி, கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். கத்தோலிக்க நோன்பு நாட்களில் இறைச்சி கூடாது என்பதால், இறைச்சி இல்லாத பூரணங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வீட்டுச் சமையல். ஆனால் எதைக் கேட்பது என்று தெரியாமல் போனால் ஏமாற்றமாகிவிடும்.

வார்சாவில் பழைய சந்தைக் கட்டடங்களை ஃபுட் ஹாலாக, அதாவது பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரைக்குள் இருக்கும் இடமாக மாற்றியிருக்கிறார்கள். 1909இல் திறந்த ஹாலா கோஷிகி 2016இல் அப்படித்தான் மறுபடி திறந்தது. நானும் மனைவியும் போனது அதைவிடச் சின்ன இடம். நீள மரமேசை, கையில் ஒரு பஸ்ஸர், அது அதிர்ந்ததும் போய்த் தட்டை எடுத்துவர வேண்டும். மூன்று தட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டோம்.

முதலில் ருஸ்கியே. உருளைக்கிழங்கு, ட்வருக் என்கிற பாலாடைக்கட்டி, வதக்கிய வெங்காயம். பெயரைப் பார்த்து ரஷ்யா என்று நினைக்க வேண்டாம். ருத்தேனியா என்ற பகுதியை, அதாவது இன்றைய மேற்கு உக்ரைனையும் அதை ஒட்டிய தென்கிழக்குப் போலந்தையும் குறிக்கிற பெயர் அது. 2022இல் உக்ரைன் மீது படையெடுப்பு நடந்த பிறகு, சில கடைகள் மெனுவில் இதை 'உக்ரைன் பியெரோகி' என்றே மாற்றி எழுதின.

உருளைக்கிழங்கு மசியல் என்றதும் நமக்குப் போண்டா மசாலாதான் நினைவுக்கு வரும். அந்த நினைப்போடு கடித்தால் சப்பென்று இருக்கும். இதில் ருசி கிழங்கில் இல்லை, ட்வருக்கில் இருக்கிறது. பாலைப் புளிக்கவிட்டுத் திரித்து வடிகட்டுவது அது. பார்க்கப் பன்னீர் மாதிரி உதிரியாக இருக்கும், வாயில் புளிக்கும். நல்ல ருஸ்கியேயில் அந்தப் புளிப்பும் மிளகுக் காரமும் கிழங்கைத் தாண்டி மேலே வரும். எங்களுக்கு வந்ததில் கிழங்கே முக்கால்வாசி. கூட்டத்துக்குச் செய்கிற இடத்தில் ட்வருக்கைக் குறைத்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

ஒரு எச்சரிக்கையும் இந்தத் தட்டைப் பற்றித்தான். "வெஜிடேரியனா?" என்று கேட்டோம், "ஆமாம்" என்றார்கள். வந்த தட்டில் வெங்காயத்தோடு பொன்னிறமாகச் சின்னச் சின்னத் துணுக்குகள். மனைவி முள்கரண்டியால் ஒன்றை நகர்த்திப் பார்த்து நிறுத்திவிட்டாள். பன்றிக் கொழுப்பை உருக்கி வறுத்த ஸ்க்வார்கி. பூரணத்தில் இறைச்சி இல்லை, அதனால் அவர்கள் கணக்கில் அது சைவம். மேலே தூவுவது அவர்கள் நினைவிலேயே இல்லை. தட்டை மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் எங்களுக்குக் கொஞ்ச நேரம் பசியே போய்விட்டது. ஆகவே "பெஸ் ஸ்க்வார்குவ்" என்ற இரண்டு சொல்லைப் பாடம் பண்ணிக்கொண்டு போங்கள். கொழுப்புத் துணுக்கு வேண்டாம் என்று அர்த்தம். முட்டை சாப்பிடாதவர்கள் மாவைப் பற்றியும் கேட்க வேண்டும். சிலர் மாவு, வெந்நீர், கொஞ்சம் எண்ணெய் மட்டும் சேர்த்துப் பிசைவார்கள், சிலர் முட்டையும் சேர்ப்பார்கள்.

அப்புறம் கோஸும் காளானும். என் மனசு இந்தத் தட்டிலேயே நின்றுவிட்டது. டிசம்பர் 24 இரவு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய விருந்தில் இறைச்சி வைக்க மாட்டார்கள். அந்த மேசைக்கு உரிய பியெரோகி இது. புளிக்கவைத்த கோஸைப் பிழிந்து பொடியாக நறுக்கி, ஊறவைத்த உலர் காட்டுக் காளானோடு நீர் வற்றும்வரை வதக்குவார்கள். காளான் ஊறிய தண்ணீரையும் விடாமல் அதிலேயே சேர்ப்பார்கள். கடித்ததும் முதலில் புளிப்பு, அதன் பின்னால் மழை பெய்த மண் போல ஒரு வாசம். உள்ளே கரும்பழுப்பாக, பிழிந்த மாதிரி உலர்ந்து இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஈரம் தங்கினால் மாவு உள்பக்கம் கொழகொழத்துவிடும். ருஸ்கியேயில் நான்கு சாப்பிட்டதும் போதும் என்றாகிவிட்டது. இதில் எட்டும் எப்படிப் போயின என்றே தெரியவில்லை. பால் பொருளே வேண்டாம் என்பவர்களுக்கும் இதுதான் பெரும்பாலும் வசதி. மேலே வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் விடச் சொன்னால் போதும்.

மூன்றாவது பருப்புப் பியெரோகி. மைசூர்ப் பருப்பின் உறவுதான், ஆனால் தோலோடு இருக்கும் பழுப்பு ரகம். கிழக்குப் போலந்துப் பக்கம் பழக்கமான பூரணம். உளுந்துப் பூரணக் கொழுக்கட்டை சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இது உடனே பிடித்துவிடும். என் மனைவி இதற்குத்தான் முதலிடம் கொடுத்தாள். எனக்கு நெருடியது மாவு. பருப்பும் கனம், கோதுமை மாவும் கனம். நம் அரிசிமாவு வாயில் உடைந்து விலகிக்கொள்ளும், கோதுமை இழுபடும். கூடவே ஷ்மியெதானா என்கிற புளித்த க்ரீம் ஒரு கரண்டி இல்லாவிட்டால் தொண்டையில் நிற்கிறது. அதோடு எல்லா இடத்திலும் கிடைக்காது. பசலைக்கீரையும் ஃபெட்டாவும் வைத்தது எல்லாக் கடையிலும் இருக்கிறது. அதைப் பீட்சா மேலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம்.

வேகவைத்ததா, வறுத்ததா என்ற கேள்வி இதைவிட முக்கியம். கவுண்டரில் முதலில் இதைத்தான் கேட்பார்கள். வறுத்தது மொறுமொறுவென்று உடனே கவரும். ஆனால் போலந்து வீடுகளில் வறுப்பது பெரும்பாலும் நேற்று மிஞ்சியதை. ஃபுட் ஹாலில் நான் வேகவைத்ததைத்தான் கேட்பேன், அதில் எதையும் மறைக்க முடியாது. தட்டு வந்ததும் மடித்த ஓரத்தைக் கவனியுங்கள். இரண்டு மடிப்பு மாவு சேரும் இடம் அது. நன்றாகத் தேய்த்த மாவு என்றால் அந்த ஓரமும் நடுப்பகுதி போலவே மெத்தென்று கடிபடும். எங்கள் ருஸ்கியேயில் ஓரம் கட்டியாக, உள்ளே வெள்ளைக்கோடாக வேகாத மாவு தெரிந்தது. அதே அடுப்பில் வெந்த கோஸ்–காளான் தட்டில் அது இல்லை. ஒருவேளை வேறு கை மடித்ததோ என்னவோ.

மறுநாள் மாலையும் அங்கேயே போனோம். வேகவைத்த கோஸ்–காளான் இரண்டு தட்டு, பருப்பு ஒரு தட்டு, ஒரு கிண்ணம் ஷ்மியெதானா. பில் போடும் பெண்ணிடம் மனைவியே முந்திக்கொண்டு, "பெஸ் ஸ்க்வார்குவ்" என்றாள்.