அயனி மரமும் இரும்பு அலமாரியும்: வீட்டு வைஃபையோடு மூன்று ஆண்டுகள்

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. முதல் ஒன்றரை ஆண்டு நான் அவர்களைத் திட்டிய திட்டில் பாதி எனக்கே சேர வேண்டியது.

கணவர் குவைத்தில் இருக்கிறார். இரவு ஒன்பதரைக்கு அழைப்பார். அங்கே அப்போது ஏழு மணி. சொல்லிவைத்தாற்போல் அந்த நேரத்தில்தான் அவர் முகம் கட்டம் கட்டமாக உறைந்து நிற்கும். புகார் செய்தால், "ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்" என்பார்கள். அணைத்துப் போட்டால் சரியாகியும் விடும். அதுதான் வினை, காரணத்தை யாரும் தேடவில்லை.

வழிகாட்டியது மாமியார்தான். "பால் கணக்கு எழுதுகிற காலண்டரில் நெட் போகிற நேரத்தையும் எழுதிவையேன்" என்றார். இரண்டு மாதம் எழுதினேன். ஒரே நோய் என்று நினைத்தது மூன்றாகப் பிரிந்தது.

இரவுத் தொல்லை அநேகமாக எட்டரை முதல் பத்தரை வரை. அப்போது ரூட்டர் பெட்டியில், லைன் போனால் எரியும் சிவப்பு விளக்கு எரியவில்லை. மடிக்கணினியை லேன் கேபிளில் நேரடியாகச் செருகிப் பார்த்தேன், தடங்கலே இல்லை. ஆக, வெளியிலிருந்து வரும் லைனில் குறையில்லை, வீட்டுக்குள் காற்றில்தான் கோளாறு. ரூட்டரை வைத்திருந்த இடமோ இரும்பு அலமாரியின் தலை. எங்களுடையது பழைய வெட்டுக்கல் வீடு, சுவர் ஒன்றரை அடி கனம். ரூட்டர் அனுப்பும் வைஃபை அலை இரண்டு வகை. 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் நெட் வேகம் அதிகம், ஆனால் அது இரண்டாவது சுவரிலேயே மூச்சு வாங்கிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும். அங்கே பக்கத்து வீடுகளின் நெரிசல். செல்பேசிச் செயலியில் பார்த்தால், சுற்றியிருந்த ஆறு ரூட்டர்களில் நான்கு 6-ஆம் சேனலில் (அலை போகும் தடத்தில்), என்னுடையதும் அதில்தான். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மட்டுமே. 1-க்கு மாறினேன், சேனலின் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20 ஆக்கினேன், ரூட்டரைப் படுக்கையறை வாசலுக்கு எதிர்ச் சுவரில் ஆளுயரத்தில் மாட்டினேன். காசு செலவில்லை.

அதற்கு முன்பே, வைஃபை சிக்னலை வாங்கித் தூரத்துக்குக் கடத்தும் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் ஒன்றை வாங்கித் தொலைத்திருந்தேன். சிக்னல் கிடைக்காத அறையிலேயே அதைச் செருகினால் கிடைக்காத சிக்னலைத்தானே அது கடத்தும்? பாதி வழியில் வைத்திருக்க வேண்டும். இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

இடவப்பாதி மழையில் வந்தது வேறு கதை. சிவப்பு விளக்கு மினுக்கும், இணைப்பு அடியோடு போகும். "மழை என்றால் அப்படித்தான்" என்றே ஓராண்டு ஓட்டினார்கள். கண்ணாடி இழைக்குள் போகும் ஒளியை மழை என்ன செய்யும்? கடைசியில் வந்த லைன்மேன் தம்பி ஒளியின் வலுவை அளக்கும் கருவியைச் செருகினார்: மைனஸ் 29 டிபிஎம். மைனஸுக்குப் பின் எண் கூடக் கூட ஒளி மங்கல். மைனஸ் 27-க்குக் கீழே போனால் பெட்டி திணறும் என்றார். பிறகு வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். போஸ்டிலிருந்து வரும் ஒயர் எங்கள் அயனி மரத்தின் கிளையில் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டு, விரல் மடக்கியதுபோல் வளைந்திருந்தது. அந்த வளைவில் ஒளி கசிகிறது. காற்றில் கிளை இழுத்தால் மொத்தமும் போகிறது. "அக்கா, மரம் ஆடினால் உங்கள் நெட்டும் ஆடும்" என்றார். மதில் ஓரமாகப் புது ஒயர் இழுத்து, முனையைப் புதிதாகப் போட்டதும் மைனஸ் 21.

மூன்றாவது, மின்சாரம் இருக்கும்போதே ரூட்டர் தானாக அணைந்து எழுவது. அடாப்டரைத் தொட்டால் கை சுட்டது. அதே 12 வோல்ட், அதே ஆம்பியர் பார்த்து வேறொன்று மாற்றியதும் நின்றது.

ஐப்பசி இடிக்கு மட்டும் இன்றும் எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறேன். இழை மின்சாரத்தைக் கடத்தாதுதான். ஆனால் அதைத் தாங்க ஒயரோடு ஓடுகிற எஃகுக் கம்பி கடத்தும்.

காலண்டரில் கடந்த நான்கு மாதத்தில் மூன்றே குறிப்புகள். படம் இப்போது அவ்வளவு தெளிவு. போன வாரம் என் தலைக்குப் பின்னால் இருந்த ஒட்டடையைக் குவைத்திலிருந்தே கண்டுபிடித்துச் சொன்னார்.