‘டக் டக்’ சத்தத்துக்கு லோயர் ஆர்ம் வரை மாற்றிவிட்டார்கள், போனது லிங்க்: பிக்கப் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

மண்டபம் பக்கம் மீன் ஏற்றும் பிக்கப் ஒன்று. பள்ளத்தில் இறங்கினால் இடது முன்சக்கரத்தில் ‘டக் டக்’ என்று சத்தம். பட்டறையில் விட்டதற்கு வந்த கணக்கு: முன் ஷாக் (ஷாக் அப்சார்பர்) இரண்டு, லோயர் ஆர்ம் (சக்கரத்தைச் சேஸிஸோடு பிணைக்கும் கீழ் ஆர்ம்) இரண்டு, பால் ஜாயிண்ட் (ஆர்மின் முனையில் சக்கரத்தைத் தாங்கும் குண்டு மூட்டு) இரண்டு, கூலி சேர்த்து 21,500 ரூபாய். எல்லாம் துண்டுச்சீட்டில், ரசீது கிடையாது. கழற்றிய பழைய சாமானும் கைக்கு வரவில்லை. வண்டி வெளியே வந்து முதல் பள்ளத்தில் இறங்கியதுமே அதே ‘டக் டக்’. வேறு இடத்தில் பார்த்தபோது போயிருந்தது இடதுபக்க ஸ்டெபிலைசர் லிங்க், அதாவது ஸ்டெபிலைசர் பாரின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னக் கம்பி. ஆயிரத்துச் சொச்சத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

பட்டறையின் பெயரை எழுதவில்லை. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பல இடங்களில் இதே கதைதான். வண்டியை ஜாக்கியில் ஏற்றி அடியில் டார்ச் அடிப்பார்கள். “பாருங்கண்ணே, எல்லாம் துரு ஏறிப்போச்சு. மொத்தமா மாத்திருவோம், தொல்லை விட்டுச்சு.” கடற்கரை வண்டியில் துரு ஏறாத இடம் எது? உப்புக்காற்று ஒருபக்கம், மீன் இறங்குதளத்தில் தேங்கும் தண்ணீரை முன்சக்கரம் வாரி அடிப்பது ஒருபக்கம். வாங்கி ஒரு வருஷமான வண்டியும் அடியில் பழுப்பாகத்தான் இருக்கும். சத்தம் வருவது ஆட்டத்தால். எந்தச் சாமானை மாற்றச் சொன்னாலும், “ஆட்டம் எங்க இருக்கு, கையில காட்டுங்க” என்று கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் மாற்றவிடாதீர்கள்.

பட்டறைக்குப் போகும் முன்பே பாதியைக் கண்டுபிடித்துவிடலாம். ஸ்டெபிலைசர் பார் இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி. ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கினால்தான் அது முறுக்கிக்கொள்ளும், லிங்க்கில் பாரம் விழும். இரண்டும் ஒன்றாக ஏறினால் அதற்கு அதிகம் வேலையில்லை. ஆகவே பாம்பன் பாலத்தில், குறுக்கே வரும் இணைப்புகளில் இரண்டு சக்கரமும் ஒன்றாக விழும்போது சத்தம் இல்லாமல், ஊர்ச்சாலைப் பள்ளத்தில் ஒற்றைச் சக்கரம் இறங்கும்போது மட்டும் சத்தம் வந்தால் முதல் சந்தேகம் லிங்க் மேலும் பார் புஷ் (பாரைப் பிடித்திருக்கும் ரப்பர்) மேலும்தான். பாலத்திலும் அடித்தால் ஷாக்கின் மேல் நட், ஷாக் புஷ், பால் ஜாயிண்ட் என்று பார்க்கவேண்டும். பிரேக் போடும்போது ஒன்று, ரிவர்ஸில் பிரேக் போடும்போது ஒன்று என்று ஒற்றை ‘டொக்’ கேட்டால் லோயர் ஆர்ம் புஷ், இல்லையென்றால் பிரேக் காலிப்பர் போல்ட். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது வந்தால் பால் ஜாயிண்ட்டையும் டை ராடு எண்டையும் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) பாருங்கள்.

லிங்க்தானா என்று உறுதிசெய்யக் காசே வேண்டாம். இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, பார் எதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டு, காலி வண்டியை அதே பள்ளத்தில் மெதுவாக விடுங்கள். வளைவில் வண்டி கூடுதலாகச் சாயும், அதனால் வேகம் கூடாது. சத்தம் நின்றால் லிங்க் அல்லது பார் புஷ்தான், விஷயம் முடிந்தது. இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் மேலே சொன்ன வண்டிக்கு அத்தனை செலவு வந்திருக்காது. இன்னொன்று: பாரில் ரப்பர் புஷ் உட்காரும் இடம் துருவில் அரித்து மெலிந்திருந்தால் புது புஷ்ஷும் ஆடும். துருவைப் பொருட்படுத்த வேண்டிய இடம் அது. ஆனால் அங்கே யாரும் டார்ச் அடிப்பதில்லை.

பால் ஜாயிண்ட் பார்ப்பதில் ஜாக்கி வைக்கும் இடம் முக்கியம். இசுசு டி-மேக்ஸ் மாதிரி முன்னால் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், நடுவில் காயில் ஸ்பிரிங் உள்ள வண்டியில் ஜாக்கியை சேஸிஸுக்கு அடியில் வைத்தால் ஸ்பிரிங் கீழ் ஆர்மை அமுக்கி ஜாயிண்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த ஜாயிண்ட்டும் நல்லதுபோல் தெரியும். லோயர் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்ட்டை ஒட்டி ஜாக்கி வைத்துச் சக்கரத்தை ஓர் அங்குலம் தூக்குங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுபோனால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு எண்ட். டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பும்போது ஒருவர் ஜாயிண்ட்டில் விரல் வைத்தால் ‘டிக்’ என்று கையிலேயே தெரியும். ஷாக்கில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மாற்றத் தேவையில்லை, வழிந்தால்தான் போனது.

டாடா ஏஸ், தோஸ்த் மாதிரி முன்னாலும் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வைத்த வண்டி என்றால் பட்டையை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டின் தளர்வு, பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் உடைவு, பட்டை முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ், பட்டை விரிசல், சக்கரம் திரும்பும் கிங் பின் ஆகியவற்றைப் பாருங்கள். யூ போல்ட் புதிதாகப் போட்டால் 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை இறுக்கவேண்டும். இதைச் சொல்லி அனுப்பாத பட்டறைகள்தான் அதிகம்.

தேவையில்லாத சாமானைப் போட்டதாவது பணத்தோடு போகும். போட்ட விதம்தான் ஆபத்து. அந்த பிக்கப்பில் லோயர் ஆர்ம் போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துருவில் ஒட்டியிருக்க, கேஸ் கட்டர் வைத்து அறுத்திருக்கிறார்கள், பிராக்கெட் கருகிப்போயிருந்தது. புது போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முழுசாக இறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டை இறுக்கினால் புஷ்ஷின் உள்குழாய் பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு ஆர்ம் அசையும்போதெல்லாம் முறுக்கிக்கொள்வது ரப்பர்தான். தொங்கும் நிலையில் பூட்டினால் வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், லோடு ஏற்றினால் கிழியும். கையால் பூட்டிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் விழுந்த பிறகே கடைசி இறுக்கு. இதைவிட மோசம், பால் ஜாயிண்ட் நட்டில், அது கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இல்லை. அந்தத் துளையில் கட்டுக்கம்பி ஒன்றை முறுக்கிவிட்டிருந்தார்கள். நட் கழன்றால் சக்கரம் படுத்துவிடும். வீல் அலைன்மென்டும் பார்க்கவில்லை, டயரின் உள்ஓரம் தின்றுகொண்டிருந்தது.

ஒட்டிய போல்ட்டுக்கு முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடச் சொல்லுங்கள். புது போல்ட்டில் உடம்புக்கு மட்டும் கிரீஸ், மரைக்கு வேண்டாம். புதுச் சாமான் பெட்டியில் எம்ஆர்பி, தயாரித்த மாதம், தயாரிப்பாளர் பெயர் இருக்கிறதா என்று பிரிப்பதற்கு முன்பே பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்கும் முன் என்னென்ன மாற்றப்போகிறார்கள், எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். பழைய சாமானைச் சாக்கில் கட்டித் தரச் சொல்லுங்கள்.

ஏமாந்தவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் ராமநாதபுரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் போடவேண்டும். “லோடு வண்டி வியாபாரத்துக்கு ஓடுறது, நுகர்வோர் கணக்குல வராது” என்று பட்டறைக்காரர் வாதம் செய்யலாம். சொந்தப் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்பவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகத்தான் பார்க்கிறது. ரசீது இல்லாவிட்டால் ஜிபே, போன்பே பணப்பரிமாற்றம், வாட்ஸ்அப்பில் வந்த கணக்கு, இரண்டாவது மெக்கானிக் எழுதிக் கொடுத்த விவரம், அறுத்த பிராக்கெட்டின் படம் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.