அல்சூர் மீன்கடையில் கல்லுமக்காய்: விலையும் வளர்ப்பு முறையும்

கடற்பாறைகளில் ஒட்டி வளரும், இரண்டு ஓடுகள் கொண்ட கல்லுமக்காயை, குளச்சல் பக்கத்தில் நாங்கள் சிப்பி என்றே சொல்லி வளர்ந்தவர்கள். பெங்களூருக்குக் குடிவந்த பிறகு, அதற்காக அல்சூரில் உள்ள ஒரு மலையாளியின் மீன்கடைக்குத்தான் போய்வருகிறேன். காசர்கோட்டுக் காயலில் வளர்ந்த சிப்பி அங்கே ஓட்டோடு கிலோ 260 ரூபாய். உடைத்தெடுத்த சதை 900 ரூபாய். நியூசிலாந்திலிருந்து உறையவைத்து வரும், ஒருபக்க ஓட்டோடு மட்டும் உள்ள சிப்பி 1,400 ரூபாய். இந்த விலைகள் நியாயமா என்று பலர் கேட்கிறார்கள். சிப்பி எப்படி வளர்ந்தது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல இயலாது.

இறால் பண்ணையில் செலவின் பெரும்பங்கு தீவனத்துக்கே போய்விடும். சிப்பியோ நீரை வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்டு வளர்வதால் தீவனச் செலவே கிடையாது; விதை (அதாவது குஞ்சுச் சிப்பி), கயிறு, மூங்கில் கம்பு, கூலி ஆகியவையே கணக்கில் வரும். காசர்கோடு மாவட்டத்துப் படன்னா, செறுவத்தூர் காயல்களில் 1990களின் நடுவிலிருந்து பெண்கள் குழுக்கள் செய்துவரும் முறையில், பாறைகளிலிருந்து எடுத்த 2 சென்டிமீட்டர் அளவுள்ள விதைச் சிப்பியைக் கயிற்றைச் சுற்றி வைத்து, மெல்லிய பருத்தி வலைத்துணியால் தைத்து, மூங்கில் சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். துணி மட்கி விழுவதற்குள் சிப்பி தன் நாரால் கயிற்றைப் பற்றிக்கொள்ளும். ஆழமற்ற நீர் என்பதால் படகுச் செலவு பெரிதாக இல்லை. நல்ல பருவத்தில் ஒரு மீட்டர் கயிற்றில் 10 கிலோ வரை விளையும். ஆனால் மழை தொடங்கிக் காயலின் உப்பு குறைந்தால் சிப்பி செத்துவிடும் என்பதால், நவம்பர், டிசம்பரில் விட்டதை எல்லோரும் ஏப்ரல், மே மாதங்களிலேயே அறுவடை செய்தாக வேண்டும். வளர்ப்பவருக்குப் பேரம் பேசக்கூட அவகாசம் இல்லாத அந்த நாட்களில், இந்தக் கடையில் விலை 180 ரூபாய்க்கு இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். வாங்குபவருக்கு அது நல்ல காலம்தான். கயிறு தைத்த கைகளை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

விதையைத் தரையிலேயே தூவி வளர்ப்பது இதைவிடச் செலவு குறைந்தது. கயிறும் சட்டமும் வேண்டாம். ஆனால் நண்டு தின்றது போக மிஞ்சுவதே கைக்கு வரும். மணலும் சேறும் உள்ளே தங்கும். ஒருமுறை வாங்கிய சிப்பி பல்லில் மணலாய்க் கடிபட்டபோது, அது எந்த முறையில் வளர்ந்தது என்று கடையில் கேட்டேன். அவர்களுக்குத் தெரியவில்லை.

நியூசிலாந்துச் சிப்பி வேறு கணக்கு. மிதவைகளுக்கு இடையே நீண்ட கயிறு கட்டி, இயந்திரப் படகுகளால் அறுவடை செய்கிறார்கள். ஒரு கிலோவுக்கான கூலி குறைவு, முதலீடு மிக அதிகம், வளர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகும். ஸ்பெயினின் கலீசியாவில் ஒரு தெப்பத்தில் 12 மீட்டர் வரை நீளமுள்ள 500 கயிறுகள் தொங்கும். நீர் ஆழமாக இருந்தால்தான் அத்தகைய முதலீடு திரும்பி வரும். ஒரு மீட்டர் கயிறு தொங்கவிடும் காயலுக்கு மூங்கில் சட்டமே பொருத்தம். எனவே 1,400 ரூபாயில் பெரும்பகுதி இயந்திரத்துக்கும் உறைபதனத்துக்கும் கப்பலுக்கும் போகிறது என்றே கருதுகிறேன். அளவில் பெரியதுதான், ஆனால் உருகிய சதை, மிளகிட்டு வறுத்தால் ரப்பர்போல ஆகிவிடுகிறது. நான் மறுபடி வாங்கவில்லை.

ஓட்டோடு ஒரு கிலோ வாங்கி அவித்து எடுத்தபோது 330 கிராம் சதை கிடைத்தது. அப்படிப் பார்த்தால் ஒரு கிலோ சதைக்கு ஓட்டுச் சிப்பியே ஏறக்குறைய 790 ரூபாய்க்கு வாங்க வேண்டும். மீதி 110 ரூபாய்தான் உடைக்கும் கூலியும் பிறவும். ஒரு கிலோவை உடைக்க எனக்கு 40 நிமிடம் ஆனதால், 900 ரூபாயை அதிகம் என்று சொல்ல மனம் வரவில்லை.

என் குறை ஒன்றே. பாறையில் எடுத்த சிப்பியையும் வளர்ப்புச் சிப்பியையும் ஒரே கூடையில் கலந்து, ஒரே விலைக்கு விற்கிறார்கள். பாறைச் சிப்பியின் ஓடு தடித்தது; எடையில் ஓட்டின் பங்கு கூடும், சதை குறையும். கடைக்காரரிடம் சொன்ன பிறகு, வளர்ப்புச் சிப்பி வரும் நாட்களில் பலகையில் அதைத் தனியாக எழுதி வைக்கிறார். மெல்லிய, வழவழப்பான ஓடாகப் பார்த்துப் பொறுக்கி எடுங்கள்; ஜூன் மாதத்துக்குப் பிறகு சதை வாங்கினால், உறையவைத்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.