திருப்பாதிரிப்புலியூர் மணப்பெண் நகை வாடகைக் கடை: தோழியிடம் இரவல் வாங்கும் முன் ஒரு தடவை ஏறிப் பாருங்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், மணப்பெண் நகைகளை வாடகைக்குக் கொடுக்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. மாடியில் ஒரே அறை. நடத்துபவர் ஐம்பது வயதை நெருங்கும் ஓர் அம்மாள். உதவிக்கு அவருடைய மருமகள். என் சித்தி மகளின் திருமணத்துக்கு அங்கேதான் நகை எடுத்தோம். கல்யாணத்துக்கு வாடகை நகையா என்று முகம் சுளிப்பவர்களும், வசதியான தோழி இருக்கிறாள், அவளிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடையில் இரண்டு வகை நகைகள் இருக்கின்றன. ஒன்று, நாகர்கோவில் வடசேரிக் கோயில் நகைகளின் சாயலில் சிவப்புக் கல் பதித்த கெம்பு செட். நெற்றிச்சுட்டி, சூரியன் சந்திரன், ராக்கொடி, ஜடைநாகம், வங்கி, ஒட்டியாணம் என்று தலை முதல் இடுப்பு வரை ஒரே வேலைப்பாடு. மற்றொன்று, சிதம்பரம் கவரிங் என்று நம் பக்கத்துப் பெண்களுக்குப் பழக்கமான வகையில் காசுமாலை, மாங்காய் மாலை, கல் அட்டிகை கொண்ட செட். நான் கூர்ந்து பார்த்தது அட்டிகையின் பின்கயிற்றைத்தான். முன்பு அணிந்தவரின் வியர்வையும் சந்தனமும் ஏறிக் கறுத்த கயிற்றை அப்படியே அடுத்த பெண்ணின் கழுத்தில் கட்டும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். இங்கே ஒவ்வொரு முறையும் பழைய கயிற்றை அறுத்துவிட்டு, நம் கண்ணெதிரிலேயே புதுக் கயிறு கோத்துத் தருகிறார்கள். அதன்பின் நகைகளை வெள்ளைத் துணியில் பரப்பிக் கைப்பேசியில் படம் எடுத்து, எந்தத் திருகில் மரை தேய்ந்திருக்கிறது, எந்த ஜிமிக்கியில் ஒரு முத்து குறைகிறது என்பதையெல்லாம் ரசீதில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகே பெட்டியை மூடுகிறார்கள்.

அந்த ரசீதின் அருமை எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். மணப்பெண்ணின் அக்காவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் திருமணம் நடந்தபோது, புதுச்சேரியில் வசதியான வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த அவளுடைய பள்ளித் தோழி, தானே முன்வந்து தன் காசுமாலையை வரவேற்புக்குக் கொடுத்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள் அவர்கள் இருவரும். மேடையில் நின்ற பெண்ணின் கழுத்தில் கிடந்த மாலையை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் சீர் என்றே எண்ணிக்கொண்டார்கள். யாரும் கேட்காததால் பெண் வீட்டாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் மாமியார், "அந்தக் காசுமாலை எங்கேம்மா?" என்று கேட்டபோது அவள் உண்மையைத்தான் சொன்னாள், ஆனாலும் ஊருக்குக் காட்ட வேஷம் போட்ட குடும்பம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. கணவர் நல்ல மனிதர். இருந்தும், "என்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்ற அவருடைய பேச்சு அந்த வீட்டில் பால் கணக்கு முதல் பள்ளிக் கட்டணம் வரை எந்தச் சண்டையிலும் தலைகாட்டாமல் இருந்ததில்லை.

புதுச்சேரி வீட்டிலும் அந்த மாலை சும்மா இருக்கவில்லை. திரும்பி வந்த அன்றே தோழியின் மாமியார் காசுகளை ஒவ்வொன்றாக எண்ணி, ஒன்று குறைகிறது என்றார். அது எப்போது விழுந்தது என்று சொல்ல ஒரு சாட்சியும் இல்லை. தோழி தன் வாயால் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் போன் வருவது குறைந்து, பிறகு நின்றேபோனது. இத்தனைக்கும் அந்த மாலை அவளுக்குத் தாய்வீட்டில் போட்டது. சீதன நகை முழுக்க மனைவிக்கே சொந்தம் என்று பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985ஆம் ஆண்டிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பீரோ சாவி மாமியாரின் இடுப்பில் இருக்கும் வீட்டில் அந்தத் தீர்ப்பு செல்லுபடியாவதில்லை என்பதையும், பணக்கார வீட்டு மருமகளுக்கும் தன் நகையைத் தன் சிநேகிதிக்குக் கொடுக்கும் உரிமை பெரும்பாலும் பேச்சளவில்தான் என்பதையும் நான் அப்போதுதான் நேரில் கண்டேன். வாங்கியவளைப் போலவே கொடுத்தவளும் தன் வீட்டில் தலைகுனிந்து நின்றாள்.

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை பாட்டிமார் காலத்தில் ஒரு சேலையோடு போயிற்று. ஒரு பவுன் 2025ஆம் ஆண்டில் 90,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. பத்துப் பவுன் மாலை என்றால் ஒன்பது லட்சத்துக்கு மேல். சிப்காட் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவரின் மகள் அதை ஒரு மாலைப் பொழுதுக்கு அணிந்துகொண்டு, ஏதாவது ஆகிவிட்டால் எதைக் கொண்டு ஈடு செய்வாள்?

இந்தக் கடைக்கார அம்மாளின் மீது எனக்கு மரியாதை வந்த இடம் ஒன்று உண்டு. முன்பணம் வாங்குவதற்கு முன்பாக அவர் கேட்டார்: "மாப்பிள்ளை வீட்டுக்கு இது வாடகை நகைன்னு சொல்லிட்டீங்களாம்மா?" சித்தி தயங்கியதும், "சொல்லிட்டு வாங்க. ரெண்டு நாள் செட்டை யாருக்கும் கொடுக்காம எடுத்து வைக்கிறேன்" என்று அனுப்பிவிட்டார். அன்று மாலையே சித்தி சம்பந்தி வீட்டுக்குப் போய், பெண்ணுக்குப் போடுவது எட்டுப் பவுன், அது அத்தனைக்கும் 2023 ஏப்ரலில் கட்டாயமான, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீட்டோடு பில் இருக்கிறது, மற்றவை வாடகைக்கு எடுப்பவை என்று பிரித்துச் சொல்லிவிட்டார். சம்பந்தி அம்மாள் கேட்டது, போட்டோவில் எடுப்பாக விழுமா என்பதை மட்டும்தான்.

இந்த மணப்பெண்ணுக்கும் புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு பணக்காரத் தோழி உண்டு. அவளும் தன் வைர அட்டிகையைத் தருவதாகச் சொன்னாள். "நகை வேண்டாம்டி, நீ கூட வா" என்று இவள் அழைத்தாள். அவளும் காரைத் தேரடிப் பக்கம் நிறுத்திவிட்டு மாடியேறி வந்து, பாயில் உட்கார்ந்து, கூறைப் புடவையின் கரையோடு ஒவ்வொரு கல்லின் நிறத்தையும் ஒத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். வாடகையை நான் கொடுக்கிறேன் என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. அந்தப் பக்குவம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

குறைகளும் உண்டு. ஒட்டியாணத்தில் இரண்டே அளவுகள். இடை மெலிந்த பெண்ணுக்கு நூல் கட்டி இறுக்க வேண்டியிருக்கிறது. அறையின் விளக்கு மஞ்சளாக எரிவதால் கெம்பின் உண்மை நிறத்தை அறிய ஜன்னலோரம் கொண்டுபோக வேண்டும். மாடிப்படி செங்குத்தாக இருப்பதால் மூட்டுவலிக்காரர்களை அழைத்துப் போகாதீர்கள். நாங்கள் கெம்பு முழு செட்டுக்குக் கொடுத்த வாடகை 4,500 ரூபாய், முன்பணம் 5,000 ரூபாய்; திருப்பிக் கொடுத்தபோது படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முன்பணம் முழுவதையும் கையிலேயே தந்தார்கள். தாமதமானால் ஒரு நாள் வாடகை கூடும் என்பதில் அவர்கள் கறாராக இருக்கிறார்கள். முகூர்த்த நாட்களில் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் அடுத்தடுத்துத் திருமணங்கள் நடப்பதால் ஒரே செட்டுக்குப் பலர் காத்திருப்பார்கள், எனவே அந்தக் கறாரில் நியாயம் இருக்கிறது. ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் குறித்தவர்கள் புடவை எடுத்த கையோடு, அந்தப் புடவையையும் எடுத்துக்கொண்டு, போய்ப் பதிவு செய்துவிடுவது நல்லது.