மாத வாடகையா, போக்கியமா?

சென்னையில் பிளாட் வாங்கியாயிற்று, எப்படி விடுவது என்று குழம்புபவர்களுக்கு. போக்கியம் என்றால், குடிவருபவர் மாத வாடகைக்குப் பதில் ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது.

பணம்: வாடகை மாதாமாதம் வரும், சில மாதம் இழுக்கும். போக்கியத்தில் மொத்தமாகக் கைக்கு வரும். ஆனால் அது கடன், வருமானம் இல்லை.

ஆள் மாற்றம்: வாடகையில் ஒவ்வொரு முறையும் வெள்ளையடிப்பு, புரோக்கர், காலி மாதம். போன தடவை சமையலறைச் சுவரில் மட்டும் 17 ஆணி ஓட்டைகள் எண்ணினேன். போக்கியக்காரர் இரண்டு மூன்று வருடம் அசையமாட்டார்.

சிக்கல்: போக்கியப் பணத்தைச் செலவழித்துவிட்டால், திருப்பித் தரும்வரை சாவி கைக்கு வராது. அடுத்த ஆளின் பணத்தை வாங்கித்தான் பலர் சமாளிக்கிறார்கள்.

வரி: வாடகையில் சொத்துவரி போக மீதியில் 30% கழிவு உண்டு.

வீட்டுக்கடன் தவணை ஓடுகிறதா, வாடகை. அதிக வட்டிக் கடனில் தவிப்பவர் போக்கியத்துக்குப் போகலாம், திருப்பித் தர வழி தெரிந்திருந்தால். எப்படியானாலும் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.